இறக்கப்படாத கொடிகள்: பென்னாகரம் வட்டத்து ஊராட்சி ஒன்றில் கிழிந்த தேசியக் கொடிகளைத் திரும்பப் பெற்ற அனுபவம்

சூழல்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் உள்ள ஓர் ஊராட்சியில் 2022 ஆகஸ்டு முதல் 2023 ஆகஸ்டு வரை நடந்தவற்றை இங்கே பதிகிறேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டேன். நான் அப்போது அந்த ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். ஜூனியர் ரெட் கிராஸ் பொறுப்பும் என்னிடம் இருந்தது.

மானாவாரி ஊர். கேழ்வரகு, நிலக்கடலை, மரவள்ளி போடுவார்கள். மழை ஏமாற்றினால் புளிய மரங்கள்தான் கைகொடுக்கும். கணிசமான குடும்பங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கும் போய்விடும். அந்த வீடுகளின் பூட்டு பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும்தான் திறக்கும். பூட்டிய வீடுகள் இந்த நிகழ்வில் பின்னால் பெரிய சிக்கலாக வந்தன.

கொடிகள் வந்த விதம்

சுதந்திரத்தின் 75 ஆண்டு நிறைவையொட்டி 2022 ஆகஸ்டு 13 முதல் 15 வரை வீடுதோறும் தேசியக் கொடி ஏற்றும்படி மத்திய அரசு கேட்டுக்கொண்டது. தபால் நிலையங்களில் 20 அங்குலத்துக்கு 30 அங்குலம் அளவுள்ள கொடி 25 ரூபாய்க்குக் கிடைத்தது. எங்கள் ஊராட்சித் தலைவர் வெளியிலிருந்து மொத்தமாக வாங்கி, வீட்டுக்கு ஒன்று என்று குக்கிராமங்கள் உட்பட எல்லா இடத்துக்கும் கொடுத்தனுப்பினார்.

அதற்குச் சற்று முன்னால்தான் இரண்டு விதிகள் மாறியிருந்தன. இந்தியக் கொடி விதிமுறைகள் 2002இன்படி, கையால் நூற்றுக் கையால் நெய்த பருத்தி, கம்பளி அல்லது பட்டுக் கதரில்தான் கொடி இருக்க வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 30 அன்று செய்த திருத்தம் இயந்திரத்தில் செய்த கொடிக்கும் பாலியஸ்டர் துணிக்கும் இடம் கொடுத்தது. இரண்டாவது மாற்றம் 2022 ஜூலையில் வந்தது. அதுவரை சூரிய உதயம் முதல் மறைவு வரைதான் பறக்கலாம் என்றிருந்தது. திறந்த வெளியிலும் பொதுமக்கள் வீட்டிலும் இரவு பகலாகப் பறக்கலாம் என்று அது தளர்ந்தது. ஊரிலிருக்கும் எல்லா வீட்டுக்கும் கொடி கிடைத்ததே இந்தத் திருத்தங்களால்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இரண்டும் சேர்ந்ததில், லேசில் மக்காத துணியில் செய்த கொடி, எப்போது இறக்குவது என்ற பேச்சே இல்லாமல் கூரை ஏறிவிட்டது.

ஆகஸ்டு 15 காலை ஊர் பார்க்க அழகாகவே இருந்தது. மெத்தை வீட்டுக் கைப்பிடிச் சுவரில், ஓட்டு வீட்டு முகட்டில், டிஷ் ஆன்டெனா கம்பியில், சவுக்குக் குச்சியில் என்று எங்கும் கொடி. வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் வீட்டுக் கூரையில் தேசியக் கொடியைப் பார்த்த முதியவர்கள் நிறையப் பேர். அன்று சாயங்காலம் எங்கள் உடற்கல்வி ஆசிரியர் வழக்கம்போல் பள்ளிக் கொடியை இருட்டுவதற்கு முன் இறக்கி, மடித்துப் பீரோவில் வைத்தார். வீட்டுக் கொடிகள் அப்படியே நின்றன.

புரட்டாசி, ஐப்பசி

ஆடிக் காற்று ஆவணியிலும் அடங்கவில்லை. காற்றில் அடிபடும் ஓரம்தான் முதலில் பிரியும். புரட்டாசியில் பல கொடிகளின் பச்சைப் பட்டை நார் நாராகத் தொங்கியது. வெயிலில் காவி வெளுத்து வெள்ளையோடு கலந்துவிட்டது. பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

அக்டோபர் கடைசி வாரத்தில், மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்துச் சாக்கடையில் ஒரு கொடி குச்சியோடு விழுந்து கிடந்ததை ஊர் இளைஞர் ஒருவர் படமெடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார். தேசியக் கொடியை ஊராட்சி அவமதிக்கிறது, வழக்குப் போட வேண்டும் என்று கீழே எழுதியிருந்தார். ஒரே இரவில் அந்தப் படம் பக்கத்து ஊர்க் குழுக்களுக்கும் போய்விட்டது. மறுநாள் காலை தலைவர் பள்ளிக்கு வந்தார். கொடி வாங்கிக் கொடுத்த தன் மேலேயே வழக்கு வருமோ என்ற பயம் அவருக்கு. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார்.

சாக்கடையில் கிடந்த கொடியை அதற்குள் பள்ளியின் காவலாளி எடுத்து, அலசி, தன் துண்டின் மேல் விரித்து வைத்திருந்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை, தானாகச் செய்தார்.

ஊருக்குள் கண்டது

ஊராட்சிச் செயலரும் நானும் தெருத்தெருவாகப் போய்ப் பார்த்தோம். இன்னும் கம்பத்தில் இருந்த கொடிகள் இருநூறுக்கும் மேல். பாதிக்கு மேல் கிழிந்தவை. சில முறுக்கிக்கொண்டு கயிறுபோல் ஆகிவிட்டன. ஒரு கட்சிக் கொடிக் கம்பத்தில் கட்சிக் கொடிக்குக் கீழே தேசியக் கொடி கட்டியிருந்தது. வேறு எந்தக் கொடியும் தேசியக் கொடிக்கு மேலே இருக்கக் கூடாது, ஒரே கம்பத்தில் இன்னொரு கொடியோடு சேர்த்தும் ஏற்றக் கூடாது. அந்தக் கட்சிக்காரரிடம் சொன்னதும், தெரியாது சார் என்று அன்றைக்கே அவிழ்த்துக் கொடுத்தார். கொடியைச் சுவரில் தொங்கவிட்டிருந்த இரண்டு வீடுகளில் காவி வலது பக்கம் வந்திருந்தது. செங்குத்தாகத் தொங்கவிட்டால், எதிரே நின்று பார்ப்பவருக்குக் காவி இடது கைப் பக்கம் வர வேண்டும்.

மேல்தெருவில் ஒரு பாட்டி, கொடியைத் துவைத்து மடித்து, கேழ்வரகு மாவு அண்டாவின் வாயில் கட்டியிருந்தார். வீட்டிலேயே சுத்தமான துணி அதுதான் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தாராம். அவரிடம் விதி பேச எனக்கு மனம் வரவில்லை. வேறு துணி கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டோம்.

நான் எதிர்பார்த்துப் போனது அலட்சியம். கண்டது வேறு. ஏன் இறக்கவில்லை என்று வீடு வீடாகக் கேட்டபோது பெரும்பாலும் ஒரே மாதிரி பதில்தான் வந்தது.

“நாங்க எப்படிங்க சார் கழட்டறது? சர்க்கார் கொடி ஆச்சே. கேஸாயிட்டா?”

ஏற்றச் சொன்னவர்கள் வந்து இறக்குவார்கள் என்று காத்திருந்தவர்கள் பலர். கிழிந்த கொடியை இறக்கி எங்கே வைப்பது, குப்பையில் போடக் கூடாதே என்று அப்படியே விட்டவர்கள் சிலர். ஒரு வீட்டில், இறக்கினால் நாட்டுக்கு ஆகாது என்றே நம்பினார்கள். கொடிகள் கிழிந்து தொங்கியதற்குக் காரணம் மரியாதைக் குறைவு இல்லை. மரியாதையும் பயமும் சேர்ந்து ஊர்க்காரர்களின் கையைக் கட்டிப்போட்டிருந்தன. இந்த ஒரு விஷயம் புரிந்த பிறகுதான் மற்ற முடிவுகளை எங்களால் சரியாக எடுக்க முடிந்தது.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது

இது வெறும் கிராமத்து அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. ஐம்பது வயதைத் தாண்டிய யாருக்கும் தேசியக் கொடி அரசு அலுவலகத்துக் கொடிதான். 2002 ஜனவரி 26இல் புதிய கொடி விதிமுறை நடைமுறைக்கு வரும்வரை, சாதாரண மனிதர் தன் வீட்டில் விருப்பப்பட்ட நாளில் கொடி ஏற்ற முடியாது. சுதந்திர தினம், குடியரசு தினம் போன்ற சில நாட்களில் மட்டும்தான் அனுமதி. தன் தொழிற்சாலையில் கொடி பறக்கவிட்டதைத் தடுத்த அதிகாரிகளை எதிர்த்து நவீன் ஜிண்டால் நீதிமன்றம் போனார். 1995இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடி பறக்கவிடுவது பேச்சு, கருத்துச் சுதந்திரம் தரும் அரசமைப்பின் 19(1)(அ) பிரிவில் அடங்கும் உரிமை, ஆனால் அதற்குக் கட்டுப்பாடும் உண்டு என்று உறுதி செய்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதற்கு முந்தைய காலத்தில் வளர்ந்தவர்கள்.

1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டமும் அவர்களுக்கு எப்படியோ காதில் விழுந்திருந்தது. பொது இடத்திலோ பிறர் பார்வையில் படும் இடத்திலோ கொடியை எரிப்பது, சிதைப்பது, மிதிப்பது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கிழிந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது என்று விதிமுறை சொல்வதும், அதை என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதும் மட்டும் யார் காதுக்கும் வரவில்லை.

பழுதான கொடியை முழுதாக, தனிமையில், எரித்தோ கொடியின் மாண்புக்கு ஏற்ற வேறு வழியிலோ அழிக்க வேண்டும் என்கிறது விதிமுறை. ‘முழுதாக’, ‘தனிமையில்’ ஆகிய இரண்டு சொற்களைத்தான் பிறகு வந்த நாட்களில் நாங்கள் திரும்பத் திரும்பப் படித்தோம்.

நவம்பர் 1 கிராம சபை

உள்ளாட்சிகள் தினத்தன்று கூடிய கிராம சபையில் தலைவரே இந்த விஷயத்தை எடுத்தார். படம் போட்ட இளைஞரும் வந்திருந்தார். கொஞ்சம் சூடாகத்தான் ஆரம்பித்தது. சுப்பிரமணிய சிவா கடைசி மூச்சை விட்ட பாப்பாரப்பட்டி பக்கத்தில் இருக்கிறது, இங்கே கொடி சாக்கடையில் கிடக்கலாமா என்று ஒரு பெரியவர் குரல் தழுதழுக்கக் கேட்டார். சிறையில் தொற்றிய தொழுநோயோடு ஊர் ஊராக அலைந்து பேசி, பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்பும் கனவோடு 1925 ஜூலை 23 அன்று அங்கேதான் சிவா மறைந்தார். அந்தப் பெயரைச் சொன்னதும் சத்தம் அடங்கிவிட்டது.

செயலரும் நானும் தெருக்களில் கேட்டதைச் சொன்னோம். இறக்குவது குற்றமில்லை, கிழிந்ததைப் பறக்கவிடுவதுதான் தவறு என்று விதிமுறையை வாசித்துக் காட்டினோம். அப்போது பின் வரிசையிலிருந்து ஓர் அம்மா, “இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ராத்திரியே மடிச்சு வெச்சிருப்போமே” என்றார். எனக்கு அந்தக் கூட்டத்தில் மறக்க முடியாத வாக்கியம் அதுதான்.

யார் மேலும் குற்றம் சொல்வதில்லை, யாரிடமும் விளக்கம் கேட்பதில்லை என்பதுதான் முதல் முடிவு. இல்லாவிட்டால் கிழிந்த கொடியைப் பயத்தில் ஒளித்துவிடுவார்கள், அல்லது ராத்திரியில் அடுப்பில் போட்டுவிடுவார்கள்.

யார் சேகரிப்பது என்பதில் விவாதம் வந்தது. மாணவர்களை அனுப்பலாம் என்றார் தலைமையாசிரியர். நான் மறுத்தேன். கூரை ஏற வேண்டிய வேலை, சில கொடிகள் மின்கம்பிக்கு எட்டும் தூரத்தில் இருந்தன, மழைக்காலம் வேறு. தூய்மைக் காவலர்களை வைத்து பேட்டரி வண்டியில் எடுக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். தூய்மைக் காவலர் அம்மாவே எழுந்து, “குப்பை போட்ட வண்டியில எப்படிங்க கொடியை வைக்கிறது? நான் மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதே முடிவாயிற்று. இறக்கக்கூடியவர்கள் தாங்களே இறக்கிப் பள்ளிக்குக் கொண்டு வருவது, முடியாத வீடுகளுக்கு ஊராட்சியின் மின்பணியாளர் ஏணியோடு போவது, எடுத்ததை வெள்ளை வேட்டி விரித்த கூடையில் கொண்டு வருவது என்று தீர்மானம் எழுதினோம்.

சேகரித்ததும் பிரித்ததும்

நவம்பர் மாதம் முழுக்கக் கொடிகள் வந்துகொண்டிருந்தன. மாணவர்களுக்கு மடிக்கும் முறையை இந்தச் சமயத்தில்தான் முறையாகச் சொல்லிக்கொடுத்தோம். கொடியைக் கிடைமட்டமாகப் பிடித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைப் பட்டைக்கு அடியில் மடக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் உள்ளே மடித்தால் அசோகச் சக்கரமும், காவியிலும் பச்சையிலும் கொஞ்சமும் மட்டும் மேலே தெரியும். அதை உள்ளங்கைகளில் ஏந்தித்தான் எடுத்துப் போக வேண்டும். பிள்ளைகள் இதை விளையாட்டாகச் செய்யவில்லை. கிழிந்ததையும் அதே கவனத்தோடு மடித்தார்கள்.

நிறங்களின் பொருளும் பேச்சில் வந்தது. வீரம், தூய்மை, வளம் என்று பரீட்சையில் எழுதுவதோடு நின்றுவிடுகிறார்கள். 1947 ஜூலை 22 அன்று அரசமைப்பு நிர்ணய சபை இந்தக் கொடியை ஏற்றபோது ராதாகிருஷ்ணன் தந்த விளக்கம் இன்னும் ஆழமானது. காவி, சொந்த லாபம் பாராத துறவு மனம். வெள்ளை, நடத்தைக்கு வழிகாட்டும் உண்மையின் ஒளி. பச்சை, மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு. சக்கரம் அறத்தின் சக்கரம், அசையாமல் நிற்பதில் உயிர் இல்லை என்பது அதன் சேதி. மானாவாரி நிலத்துப் பிள்ளைகளுக்குப் பச்சையின் விளக்கம் சட்டென்று பிடித்துப்போனது.

பிரிக்கும்போது ஒரு மாணவி சக்கரத்தின் ஆரங்களை எண்ண ஆரம்பித்தாள். 24 இருக்க வேண்டிய இடத்தில் சில கொடிகளில் குறைந்திருந்தது. சிலவற்றில் சக்கரம் நடுவில் இல்லை. மூன்றுக்கு இரண்டு என்ற அளவு விகிதமும் பிசகியவை இருந்தன. துணி புதுசாக இருந்தாலும் இவற்றை மறுபடி கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தோம். நல்ல துணியை ஏன் வீணாக்க வேண்டும் என்று ஓர் ஆசிரியர் கேட்டார். தவறாக அச்சான கொடியை நாங்களே பிள்ளைகள் கையில் கொடுத்தால், சரியான கொடி எது என்று அவர்கள் எங்கிருந்து கற்பார்கள்?

மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத கொடிகள் நல்ல நிலையில் இருந்தன. அவற்றை அலசி, வகுப்பறை பெஞ்சுகளில் விரித்து, காய்ந்ததும் மடித்து வைத்தோம். தண்ணீரில் படக் கூடாது என்று விதி இருக்கிறதே என்று ஒருவர் தயங்கினார். அது கொடியைத் தரையிலோ தண்ணீரிலோ இழுபடும்படி பறக்கவிடுவதைப் பற்றியது, துவைப்பதைப் பற்றியது அல்ல.

எரிப்பதா, புதைப்பதா

எரிக்கலாம் என்றுதான் எண்ணியிருந்தோம். விதிமுறையே முதலில் சொல்வது அதுதான். கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை மதியம், பள்ளிச் சுற்றுச்சுவருக்குள் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், கதவைப் பூட்டிக்கொண்டு கூடினோம். தலைவர், தலைமையாசிரியர், கிராம நிர்வாக அலுவலர், நான். கைபேசிகளைத் தலைமையாசிரியர் அறையிலேயே வைத்துவிட்டோம். ஒளிக்கும் எண்ணம் இல்லை. கொடி எரியும் ஒரு காணொளி வெளியே போனால், காரணம் தெரியாமல் பார்ப்பவர்களுக்கு அது அவமதிப்பாகவே தெரியும். அந்த நிலைமை கொடிக்கும் வரக் கூடாது, ஊருக்கும் வரக் கூடாது.

பீரோவில் பல வருடமாக இருந்த பழைய கதர்க் கொடி ஒன்றை முதலில் வைத்தோம். சில நிமிடத்தில் சுத்தமான சாம்பலாயிற்று. அடுத்து ஒரு பாலியஸ்டர் கொடி. அது எரியவில்லை, உருகியது. சுருங்கிச் சொட்டி, கரும்புகையும் மூச்சடைக்கும் நெடியுமாகக் கிளம்பி, கடைசியில் கல்லோடு ஒட்டிய கறுப்புக் கட்டியாக நின்றது. அதில் சக்கரத்தின் ஒரு பகுதி இன்னும் நீலமாகத் தெரிந்தது.

“இது வேண்டாம் சார், பார்க்க முடியலை” என்றார் தலைவர். அத்தோடு நிறுத்திவிட்டோம்.

அடுத்த வாரம் வழிகளை அலசினோம். பாலியஸ்டர் என்பதால் மறுசுழற்சிக்கு அனுப்பலாம் என்றார் அறிவியல் ஆசிரியர். சுற்றுச்சூழலை மட்டும் பார்த்தால் அதுதான் நல்ல வழி. ஆனால் அங்கே துணியைத் துண்டு துண்டாக வெட்டுவார்கள். ‘முழுதாக’ என்ற விதிக்கு அது ஒவ்வாது, பழைய துணி மூட்டையோடு மூட்டையாகக் கொடியை எடைக்குப் போடவும் யாருக்கும் மனம் வரவில்லை. மிஞ்சியது புதைப்பது.

அதற்கு எதிர்ப்பு நான் நினைக்காத இடத்திலிருந்து வந்தது. ஊரில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். பள்ளியில் குடியரசு தின அணிவகுப்புக்குப் பிள்ளைகளைத் தயார் செய்பவர் அவர்தான். கொடி குழிக்குள் போகக் கூடாது என்றார் உறுதியாக. ராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில் பெட்டியின் மேல் போர்த்தும் கொடியை, காவி தலைமாட்டில் வரும்படி போர்த்துவார்கள். அடக்கத்துக்கு முன் எடுத்துவிடுவார்கள். அது குழிக்குள்ளும் இறங்காது, சிதையிலும் வேகாது. அவர் தோழர்கள் சிலரின் பெட்டிமேல் கிடந்த கொடியைத் தன் கையால் மடித்தவர் அவர். அவரிடம் வாதம் செய்வது எளிதாக இல்லை.

விதிமுறையை முழுக்கத் தமிழில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். அந்த விதி இறுதிச் சடங்குக்கானது, நல்ல நிலையில் உள்ள கொடியைப் பற்றியது. பழுதான கொடிக்கு வேறு பத்தி, அதில் மாண்புக்கு ஏற்ற வேறு வழியும் உண்டு. இரண்டு நாள் கழித்து வந்தார். சரி, ஆனால் அடக்கம் செய்கிற மாதிரி இருக்கக் கூடாது, பூ போடக் கூடாது, மேடு கட்டக் கூடாது, எல்லாக் கொடியும் மடித்தபடி இருக்க வேண்டும் என்றார். நான்கையும் ஏற்றுக்கொண்டோம். மடிப்பைச் சரிபார்க்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

டிசம்பரில் செய்தது

ஊராட்சி நூலகத்துக்குப் பின்னால், வேலி போட்ட இடம். நடைபாதை இல்லை, ஓடையும் தூரம். ஆளுயரத்துக்குக் குழி தோண்டினோம். பள்ளியின் பழைய மேசைப் பலகைகளைக் கொண்டு ஊர் ஆசாரி பெட்டி செய்து கொடுத்தார், கூலி வாங்க மறுத்துவிட்டார். கோரா துணி விரித்து, ஒவ்வொரு கொடியாக மடித்து அடுக்கினோம். அன்று உருகிப்போன கட்டியையும் தனித் துணியில் சுற்றி உள்ளே வைத்தோம். காகிதக் கொடிகளைத் தனியாக, முன்பு போலவே மூடிய இடத்தில் எரித்தோம். மண்ணைத் தள்ளி மட்டம் செய்த பிறகு எல்லோரும் கொஞ்ச நேரம் எழுந்து நின்றோம். கொடிகளின் எண்ணிக்கை, தேதி, உடனிருந்தவர்களின் பொறுப்பு ஆகியவற்றைச் செயலர் ஊராட்சிப் பதிவேட்டில் எழுதினார். படம் எடுக்கவில்லை.

மேலே மரம் நடலாம் என்ற யோசனையை விட்டுவிட்டோம். மரம் நட்டால் நாளை யாராவது குழி வெட்டுவார்கள், வேர் பெட்டியைப் பிளக்கும்.

பாலியஸ்டர் மண்ணில் பல பத்தாண்டுகள் மக்காது என்பது தெரிந்தேதான் இதைச் செய்தோம். புகையா, மண்ணா என்று நின்றபோது மண்ணைத் தேர்ந்தோம், அவ்வளவுதான். மண்ணுக்கு நல்லது செய்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன்.

பின்விளைவு

வழக்கு எதுவும் வரவில்லை. இளைஞர் படத்தை நீக்கினார். வருத்தம் தெரிவிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உண்மையில் அவர் படம் போடாவிட்டால் அடுத்த கோடை வரை கொடிகள் அப்படியே தொங்கியிருக்கும்.

பூட்டிய வீடுகளில் இருந்தவை தீராமல் நின்றன. சாவி சொந்தக்காரரிடம் இருந்த வீடுகளில் போனில் அனுமதி கேட்டு இறக்கினோம். மற்றவர்கள் பொங்கலுக்கு வந்தபோது தாங்களே கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதுவரை, பூட்டிய கூரைகளில் கிழிந்த கொடி மார்கழி முழுக்கப் பறந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பூட்டை உடைக்க யாருக்கும் உரிமை இல்லை.

2023 ஆகஸ்டில் மறுபடியும் வீடுதோறும் கொடி என்ற அழைப்பு வந்தது. இந்தத் தடவை அலசி வைத்திருந்த கொடிகளை முதலில் கொடுத்தோம், குறைந்ததை மட்டும் வாங்கினோம். கொடுக்கும்போதே ஒரு துண்டுச்சீட்டு: காவி மேலே, கட்சிக் கொடியோடு வேண்டாம், 15ஆம் தேதி சாயங்காலம் நீங்களே இறக்கலாம், மடித்து வைத்துக்கொள்ளுங்கள் அல்லது பள்ளியில் கொடுங்கள். ஆட்டோ மைக்கிலும் அதையே சொன்னோம். பூட்டிய வீடுகளுக்குக் கொடி கொடுக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் பெரும்பாலான கொடிகள் இறங்கிவிட்டன. திருப்பிக் கொடுக்காமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களிடம் கேட்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டோம்.

மாற்ற வேண்டியவை

கொடி கொடுக்கும் நாளிலேயே இறக்கும் நாளையும் சொல்லிவிட வேண்டும். இரவு பகலாகப் பறக்கலாம் என்பது அனுமதி, கட்டாயம் அல்ல. எங்கள் ஊரில் பிரச்சினை முழுவதும் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரியால் வந்ததுதான்.

வாங்கும்போதே சக்கரம், ஆரம், அளவு மூன்றையும் பார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்ப வேண்டும். கொடுத்து முடித்த பிறகு கண்டுபிடிப்பதில் பயன் இல்லை.

பிள்ளைகளுக்குக் கொடியேற்றம் மட்டுமே விழா என்றிருப்பதை எங்கள் பள்ளியில் மாற்றியிருக்கிறோம். சுதந்திர தினத்தன்று சாயங்காலம் கொடி இறக்கும்போதும் ஒரு வகுப்பு நின்று, தரையில் படாமல் வாங்கி, மடிக்கிறது. முன்பு உடற்கல்வி ஆசிரியர் தனியாகச் செய்த வேலை அது.

துணி விஷயம்தான் பாக்கி. பருத்திக் கொடி விலை கூடுதல், வீட்டுக்கு ஒன்று வாங்க ஊராட்சி நிதி தாங்காது. தெருவுக்கு ஒரு கம்பம் நட்டு அதில் மட்டும் கதர்க் கொடி ஏற்றலாம் என்று ஓய்வு பெற்ற ராணுவ வீரர் சொல்கிறார், தன் வீட்டு வாசலுக்கே கொடி வேண்டும் என்று மேல்தெருப் பெண்கள் சொல்கிறார்கள். இரண்டு கோரிக்கையும் கிராம சபைப் பதிவேட்டில் இருக்கின்றன. இன்னும் தீர்மானம் ஆகவில்லை.